டேஷ்போர்டைக் கிழிக்காமல் பழைய கார் ரேடியோவைக் கழற்றுவது எப்படி?

சேலத்தில் அஸ்தம்பட்டி, ஃபேர்லேண்ட்ஸ் பக்கத்துப் பழைய வீடுகளின் போர்டிகோவிலும், ஏற்காட்டுக் காபி எஸ்டேட் ஷெட்டுகளிலும் இன்னும் பியட்டும் அம்பாசிடரும் நிற்கின்றன. அவற்றில் பல வண்டிகளில் என்ஜின் நன்றாக இருக்கும், சீட்டுகூடப் பழைய ரெக்சினிலேயே இருக்கும். ஆனால் டேஷ்போர்டின் நடுவில் மட்டும் ஓரம் சொரசொரவென்று ஒரு ஓட்டை. பழைய ரேடியோவை எடுத்துவிட்டுக் காசெட் செட்டு மாட்டிய காலத்தில் வெட்டியது அது.

பழைய ரேடியோவுக்கு டேஷ்போர்டில் தேவைப்பட்டது இரண்டு வட்டத் துளைகளும், நடுவில் டயல் தெரிய ஒரு சின்னச் சன்னலும்தான். பிறகு வந்த செட்டுகளின் அளவு வேறு. ஏறத்தாழ 182 மில்லிமீட்டர் அகலம், 53 மில்லிமீட்டர் உயரம் உள்ள ஒரே ஓட்டையில் முழு செட்டும் உள்ளே போக வேண்டும். அதற்காக அந்தத் துளைகளுக்கு இடையில் இருந்த தகட்டை வெட்டி எறிந்தார்கள். பழைய பியட்டிலும் அம்பாசிடரிலும் டேஷ்போர்டு என்பது பெரும்பாலும் பாடியோடு சேர்ந்த இரும்புத் தகடு. வெட்டினால் வெட்டியதுதான். அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றது. பியட்டின் பிற்காலப் பெயரான பத்மினி அதற்கும் முன்பே நின்றுவிட்டது. புதுத் தகடு கம்பெனியிலிருந்து வரப்போவதில்லை. டிங்கரிங் செய்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துத்தான் அந்த இடத்தை மீட்க வேண்டும்.

அதனால் முதல்முறை இந்த வேலையில் இறங்குகிறவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரேடியோ எந்த வழியில் உள்ளே போனதோ அந்த வழியில்தான் வெளியே வரும். வரவில்லை என்றால், நீங்கள் இன்னும் பார்க்காத ஒரு நட்டோ ஸ்க்ரூவோ எங்கோ பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைத் தேட வேண்டுமே தவிர, இழுக்கக் கூடாது. கீழே சொல்லப்போவது எல்லாம் இந்த ஒரு விஷயத்தின் விரிவுதான்.

உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை?

நம் ஊர் வண்டிகளில் 'ஒரிஜினல் ரேடியோ' என்று சொல்வது பெரும்பாலும் டீலரிடமோ அந்தக் காலத்து ரேடியோ கடையிலோ பொருத்தியதுதான். ஒரே வருட மாடல் பியட் இரண்டை எடுத்துக்கொண்டால் ஒன்றில் பிலிப்ஸ் இருக்கும், இன்னொன்றில் பிளாபங்க்ட் இருக்கும். மாட்டியிருக்கும் விதமும் மாறும். அதனால் 'பியட்டுக்கு இப்படித்தான்' என்று யாராவது அடித்துச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் டார்ச் அடித்து நீங்களே பார்த்துவிடுங்கள்.

முக்கியமாக இரண்டு வகை. முதல் வகையில் செட்டு டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும். இரண்டு குமிழ்களின் தண்டுகள் மட்டும் துளை வழியாக முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தண்டுகளின் கழுத்தில் மெல்லிய நட்டு ஒவ்வொன்று. பின்பக்கம் செட்டைத் தாங்க ஒரு தகட்டுப் பட்டை. இது பின்னால், கீழ் வழியாக வரும். இரண்டாவது வகை டேஷ்போர்டுக்கு அடியில் பிராக்கெட் போட்டுத் தொங்கவிட்டது. பக்கத்துக்கு இரண்டு போல்ட்டைக் கழற்றினால் கையில் வந்துவிடும். இதற்கு இந்தக் கட்டுரையின் பேட்டரி, ஒயர் பகுதிகள் மட்டும் போதும்.

முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் சின்னச் சின்னத் துளைகள் இருந்தால் அது பிற்காலத்தில் மாட்டிய, மேலே சொன்ன 182 மில்லிமீட்டர் அகலத்து டின் (DIN) அளவு செட்டு. அதற்கென்று இருக்கும் வளைந்த கம்பிச் சாவிகளைத் துளையில் 'டக்' என்று உட்காரும்வரை அழுத்தி இழுத்தால் முன்னாலேயே வந்துவிடும். அது உங்கள் வண்டியின் பழைய ரேடியோ அல்ல. அப்படி ஒன்று இருந்தால், தகடு ஏற்கெனவே வெட்டுப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

எடுத்து வைக்க வேண்டியவை

நல்ல டார்ச், முடிந்தால் தலையில் மாட்டும் வகை. சின்னதும் பெரியதுமாக ஸ்க்ரூடிரைவர்கள், அதில் ஒன்று கடிகாரக் கடையில் வைத்திருப்பார்களே அந்த அளவு. நோஸ் பிளேயர், மாஸ்கிங் டேப், பேனா, பழைய வேட்டித் துணி, மல்டிமீட்டர். ஸ்பேனரில் ஒரு விஷயம்: பியட்டில் எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு, அம்பாசிடர் ஆங்கிலேய மாரிஸ் வண்டியின் வழிவந்தது என்பதால் அங்குல அளவு நட்டுகள் நிறைய வரும். ரேடியோவின் நட்டு இந்த இரண்டிலும் சேராமல் மூன்றாவது கணக்கில் இருக்கவும் கூடும். பொருந்தாத ஸ்பேனரைத் திணித்து நட்டின் முனைகளை மழுக்கிவிட்டால் அதற்கப்புறம் பெரும்பாடு. தண்டு நீளமாக இருப்பதால் சாதாரண சாக்கெட் நட்டைத் தொடுவதற்கு முன்பே தண்டில் இடித்து நின்றுவிடும். ஆழமான சாக்கெட் அல்லது உள்ளே குழாயாக இருக்கும் பாக்ஸ் ஸ்பேனர் வேண்டும்.

பேட்டரியில் தொடங்குங்கள்

பானெட்டைத் திறந்து, பேட்டரியின் எந்த முனை பாடியில் போய் இணைகிறது என்று முதலில் பாருங்கள். நெகட்டிவ்தான் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். லூகாஸ் டைனமோவோடு வந்த பழைய ஆங்கிலேய வழி வண்டிகளில் பாசிட்டிவ் முனையை பாடியில் இணைத்திருப்பார்கள். பல வண்டிகளைப் பிற்காலத்தில் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியும் விட்டார்கள். எது இருக்கிறதோ அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். ரேடியோவை வெளியே வைத்துச் சோதிக்கும்போது உயிர்நாடியான தகவல் இது. டிரான்சிஸ்டர் செட்டுக்கு முனை மாற்றிக் கொடுத்தால் ஒரு நொடியில் போய்விடும்.

எர்த் ஒயரை, அதாவது பாடியில் இணையும் ஒயரைத்தான் முதலில் கழற்ற வேண்டும், எந்த முனையாக இருந்தாலும் சரி. மற்ற முனையை முதலில் கழற்றப் போய், ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். எர்த்தைக் கழற்றிவிட்டால் அந்தப் பயம் இல்லை. கழற்றிய ஒயரைத் துணியில் சுற்றி ஓரமாக ஒதுக்கி வையுங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கையும் உண்டு. சேலம், சங்ககிரி, நாமக்கல் என்று சுற்றுவட்டாரம் முழுக்க லாரித் தொழில். ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் கைதேர்ந்தவர்கள்தான், ஆனால் அவர்கள் நாள் முழுக்கப் பார்ப்பது 24 வோல்ட் லாரிகளை. அவர்கள் கையில் இருக்கும் டெஸ்ட் லைட்டும் 24 வோல்ட் பல்பாக இருக்கலாம். அதை 12 வோல்ட் காரில் வைத்தால் மங்கலாக எரியும், 'சப்ளை சரியாக வரவில்லை' என்று தவறாக முடிவெடுக்க வைக்கும். டயல் பல்பை மாற்றும்போதும் இதே கவனம் வேண்டும். லாரி பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து ரேடியோவைச் சோதிப்பதை எந்தக் காரணத்துக்காகவும் செய்ய விடாதீர்கள்.

குமிழ்கள்

இந்த வேலையிலேயே அதிகம் உடைவது குமிழ்தான். மாற்றுக் குமிழ் கிடைப்பது செட்டு கிடைப்பதைவிடக் கஷ்டம்.

முதலில் குமிழின் பக்கவாட்டைச் சுற்றிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். சின்னத் துளை தெரிந்தால் உள்ளே கிரப் ஸ்க்ரூ, அதாவது தலையில்லாத சின்ன ஸ்க்ரூ இருக்கிறது. அழுக்கும் பாலீஷ் மெழுகும் சேர்ந்து அந்தத் துளையை மூடியிருக்கும். குண்டூசியால் கிளறிச் சுத்தம் செய்த பிறகுதான் ஸ்க்ரூவின் வெட்டு தெரியும். அதை முழுவதும் வெளியே எடுக்க வேண்டாம். இரண்டு சுற்றுத் தளர்த்தினால் போதும். முழுக்க எடுத்தால் கார்ப்பெட்டில் விழுந்து காணாமல் போகும்.

துளை எதுவும் இல்லையென்றால் அது அழுத்தி மாட்டிய குமிழ். உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங் தகடு தண்டைப் பிடித்திருக்கும். நேராக இழுத்தால் வர வேண்டும். வராதபோது ஸ்க்ரூடிரைவரை அடியில் கொடுத்து நெம்புவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அப்படிச் செய்தால் குமிழின் விளிம்பு தெறிக்கும், டேஷ்போர்டு பெயிண்டில் பிறை வடிவத்தில் ஒரு வடு விழும். அதற்குப் பதிலாக, வேட்டித் துணியிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு நாடா கிழித்துக்கொள்ளுங்கள். அதைக் குமிழுக்கும் டேஷ்போர்டுக்கும் இடையில் செருகி, தண்டைச் சுற்றி ஒரு முறை குறுக்காகக் கொண்டுவந்து, இரண்டு முனைகளையும் ஒன்றாகப் பிடித்து உங்கள் பக்கம் நேராக இழுங்கள். குமிழின் முதுகு முழுவதிலும் சமமாக விசை விழுவதால் பிளவு விடாது. ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பியட்டின் தந்த நிறக் குமிழ் இந்த முறையில்தான் வந்தது. முதலில் அசையவே இல்லை, பிறகு ஒரு மயிரிழை வெளியே வந்தது, நாடாவை மறுபக்கம் மாற்றிப் போட்டு இழுத்ததும் 'சொத்' என்று துணியோடு கையில் வந்துவிட்டது. உள்ளே இருந்த ஸ்பிரிங் தகட்டில் செம்பழுப்பாகத் துரு ஏறிப் படிந்திருந்தது. அதுதான் தண்டை விடாமல் பிடித்திருந்தது.

பல செட்டுகளில் ஒவ்வொரு பக்கமும் இரட்டைக் குமிழ் இருக்கும். முன்னால் சின்னது சத்தத்துக்கு, பின்னால் வளையம் போல இருப்பது டோனுக்கு. முன்னதை எடுத்த பிறகு பின்னது. அதற்கும் பின்னால் ஒரு மெல்லிய ஸ்பிரிங் வாஷரோ ஃபெல்ட் (கம்பளித் துணி) வாஷரோ இருக்கலாம். எந்தப் பக்கத்தது, எந்த வரிசையில் என்று தெரியும்படி ஒரு கம்பியில் கோத்து வையுங்கள்.

காலநிலையையும் பாருங்கள். மார்கழி மாதக் காலை ஏற்காட்டில் பழைய பிளாஸ்டிக் விறைத்துப்போய் இருக்கும். கொஞ்சம் வெயில் ஏறியதும் ஆரம்பியுங்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் அதற்கு நேர்மாறு. வெளியில் நின்ற வண்டியின் தகடு கையைச் சுடும், அவசரத்தில் தவறு நடக்கும். நிழலில் நிறுத்தி விடியற்காலையில் செய்வதுதான் நல்லது.

தண்டின் நட்டுகள்

குமிழ் போனதும் தண்டின் கழுத்தில் மெல்லிய நட்டு தெரியும். சில செட்டுகளில் அது அறுகோணமாக இருக்கும், சிலவற்றில் வட்டமாக இரண்டு வெட்டுகளோடு இருக்கும். நட்டைச் சுற்றியுள்ள பெயிண்ட், குரோம் எல்லாவற்றின் மேலும் இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். இந்தச் சின்ன வேலையைத் தவிர்ப்பவர்கள்தான் கடைசியில் பெயிண்ட் கடைக்குப் போகிறார்கள்.

நட்டு அசையவில்லை என்றால் எண்ணெய் விடலாம், ஆனால் ஸ்ப்ரே அடிக்கக் கூடாது. ஸ்ப்ரே தண்டு வழியாக உள்ளே இறங்கி வால்யூம் கண்ட்ரோலின் கார்பன் தடத்தையும், டயல் கண்ணாடியின் உள்பக்கத்தில் அச்சடித்த எழுத்துகளையும் தொடும். அந்த எழுத்துகள் சில எண்ணெய்களில் கரைந்து வழிந்துவிடும்; பிறகு எண்களே இல்லாத வெறும் கண்ணாடிதான் மிஞ்சும். தீக்குச்சி முனையில் ஒரு சொட்டுத் தொட்டு நட்டின் இழையில் வையுங்கள். காபி குடித்துவிட்டு வந்து பாருங்கள். இன்னும் அசையவில்லையா, இன்னொரு சொட்டு. இரவு முழுக்க விட்டாலும் நஷ்டமில்லை.

வட்ட நட்டாக இருந்தால் எதிரெதிர் வெட்டுகளில் நோஸ் பிளேயரின் இரண்டு முனைகளையும் விரித்து வைத்து, அழுத்தியபடியே இடப்பக்கமாகத் திருப்புங்கள். அழுத்தம் குறைந்தால் முனை நழுவிக் குரோம் முகப்பின் குறுக்கே கோடு போட்டுவிடும். நட்டு வந்ததும் அதன் பின்னால் வரும் வாஷர், முகப்புத் தகடு, எல்லாவற்றையும் வந்த வரிசையில் எடுத்து வையுங்கள். முகப்புத் தகடு மெல்லியது. ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் வளையும்.

இப்போது செட்டைத் தள்ளிப் பார்க்க ஆசை வரும். வேண்டாம். பின்னால் ஒயர்கள் இன்னும் மாட்டியபடியே இருக்கின்றன.

பின்னால் கை விடும் கட்டம்

முன் சீட்டைப் பின்னால் தள்ளி, தரையில் ஒரு தலையணையைப் போட்டு, தலை பெடல் பக்கம் வரும்படி படுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டால் நல்லது. வருடக்கணக்கான தூசியும் துருவும் நேராக முகத்தில்தான் விழும். சில வண்டிகளில் கிளவ் பாக்ஸின் உள் அட்டையையோ ஆஷ்டிரேயையோ கழற்றினால் மேல் பக்கமிருந்தும் கை போகும். அதற்கு ஐந்து நிமிடம் செலவழித்தாலும் தப்பில்லை.

ஒயரைத் தொடுவதற்கு முன் செல்போனில் படம் எடுங்கள். நேராக, இடது, வலது, எவ்வளவு முடியுமோ அவ்வளவு. மலைமேல் நின்ற வண்டி என்றால் எலியின் வேலை நிச்சயம் தெரியும். பழைய ஒயர்களின் மேல் நூல் உறை இருக்கும், எலிக்கு அது பிடித்தமானது. ஈரமும் சேர்ந்து செம்பு பச்சை பூத்திருக்கும். அப்படிப்பட்ட ஒயரைப் பிடித்து இழுத்தால் உறை கையோடு உரிந்து வந்துவிடும். கனெக்டரைப் பிடித்துத்தான் பிரிக்க வேண்டும்.

செட்டிலிருந்து வருகிற ஒயர்களில் சாதாரணமாக இருப்பவை இவை. சப்ளை ஒயர் ஒன்று. அதன் நடுவில் குழாய் போன்ற பியூஸ் கூடு இருக்கும். அழுத்தித் திருகினால் இரண்டாகப் பிரிந்து உள்ளே கண்ணாடி பியூஸ் தெரியும். பிரிக்க வேண்டிய இடமே அதுதான். வெட்ட அவசியமே இல்லை. அதே ஒயரில் கொஞ்சம் தள்ளிச் சின்ன காயில் ஒன்று இருக்கலாம். டைனமோவின் இரைச்சல் ரேடியோவில் வராமல் தடுக்க வைத்தது. அது செட்டைச் சேர்ந்தது, கூடவே எடுத்து வையுங்கள். டயல் பல்புக்கு என்று தனி ஒயர் சில செட்டுகளில் மீட்டர் லைட்டிலிருந்து வரும். ஸ்பீக்கருக்கு இரண்டு ஒயர். ஏரியலுக்குத் தடித்த உறை போட்ட ஒயர், முனையில் உருளை பிளக். அதை நேராக இழுத்தால் வந்துவிடும்.

ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப்பைக் கொடி மாதிரி ஒட்டி, 'சப்ளை', 'ஸ்பீக்கர் 1' என்று எழுதுங்கள். ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள். நாற்பது ஐம்பது வருட வண்டியில் எத்தனையோ கைகள் பட்டிருக்கும். கையில் கிடைத்த ஒயரைப் போட்டு வேலையை முடித்திருப்பார்கள்.

பிரித்த சப்ளை ஒயரின் வண்டிப் பக்க முனையை உடனே, அந்த இடத்திலேயே, இன்சுலேஷன் டேப்பால் நன்றாகச் சுற்றி, மேலே இருக்கும் ஒயர்க் கட்டோடு கட்டிவிடுங்கள். பேட்டரியை மறுபடி மாட்டி சாவியைத் திருப்பியதும் அந்த முனையில் மின்சாரம் வந்து நிற்கும். தொங்கவிட்டால் ஸ்டீயரிங் கம்பத்திலோ ஹேண்ட் பிரேக் ராடிலோ உரசும். பழைய வண்டிகளில் இப்படித் தொங்கும் ஒயருக்குப் பியூஸ் இருக்கும் என்று நம்ப முடியாது. டேஷ்போர்டுக்குள் தீப்பிடிக்கும் வண்டிகளின் கதை பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு அனாதை ஒயரிலிருந்துதான் தொடங்குகிறது. பாதுகாப்பு என்று பார்த்தால் இந்த முழு வேலையிலும் இதைவிடப் பெரிய விஷயம் இல்லை.

அடுத்தது தாங்கு பட்டை. துளைகள் போட்ட இரும்புப் பட்டை ஒன்று செட்டின் முதுகிலிருந்து டேஷ்போர்டின் அடிப்பாகத்துக்கோ முன் தடுப்புத் தகட்டுக்கோ போகும். செட்டின் எர்த்தும் பெரும்பாலும் அது வழியாகத்தான். ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கி, அப்புறம் எஸ்டேட்டின் கல்பாதையிலும் ஓடிய வண்டி என்றால் இந்தப் பட்டையின் வளைவில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டை விட்டுப்போனால் செட்டின் முழுக் கனமும் முன்னால் இருக்கும் இரண்டு மெல்லிய நட்டுகளில் தொங்கும், எர்த்தும் விட்டுவிட்டு வரும். 'மேட்டில் ஏறினால் பாடாது, இறங்கினால் பாடும்' என்று சொல்வார்களே, அந்தக் கோளாறுக்கு இது ஒரு காரணம்.

பட்டையின் போல்ட்டைக் கடைசியில்தான் கழற்ற வேண்டும், அதுவும் ஒரு கை செட்டைத் தாங்கியபடி. இங்கே இன்னொருவர் உதவிக்கு இருந்தால் நல்லது. வால்வு செட்டு (டிரான்சிஸ்டருக்கு முந்தைய, கண்ணாடிக் குழாய் வால்வுகள் வைத்த ரேடியோ) என்றால் கனம் அதிகம். நெஞ்சில் விழுந்தால் வலிக்கும், தரையில் விழுந்தால் செட்டு போச்சு. செட்டை முதலில் பின்னால் தள்ளுங்கள், தண்டுகள் துளையை விட்டு முழுதாக வெளியேறட்டும். அப்புறம் முன்பக்கத்தைச் சற்றுத் தாழ்த்தி கீழே இறக்குங்கள். ஸ்பீடோமீட்டர் கேபிளும் சோக் கேபிளும் குறுக்கே வந்தால் அவற்றை ஒதுக்குங்கள், ஆனால் மடக்கிவிடாதீர்கள். மடங்கிய மீட்டர் கேபிள் பிறகு முள்ளை ஆட வைக்கும்.

பாதியில் நின்றுவிட்டதா? மேலே சொன்னதுதான். எங்கோ ஒன்று பிடித்திருக்கிறது. பக்கவாட்டில் இரண்டாவது பட்டை, டயல் பல்பின் ஒயர், பிற்காலத்தில் யாரோ சேர்த்த ஒரு ஸ்க்ரூ. விரலால் செட்டைச் சுற்றித் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தட்டுப்படும்.

எதை வண்டியிலேயே விட வேண்டும்

ஸ்பீக்கரைக் கழற்றாமல் இருக்க முடியுமானால் விட்டுவிடுங்கள். பழைய காகிதக் கோன் தொட்டால் கிழியும் நிலையில் இருக்கலாம். ஏரியலையும் அதன் ஒயரையும் விட்டுவிடுங்கள், நீளம் அதிகமாக இருக்கிறதே என்று வெட்டிக் குறைக்காதீர்கள். மீடியம் வேவ் கார் ரேடியோவில் ஏரியல் ஒயரும் டியூனிங்கின் ஒரு பகுதி. அதன் நீளம் மாறினால் செட்டின் கேட்கும் திறன் மாறும்.

பானெட்டுக்குள் இக்னிஷன் காயிலின் மேலோ டைனமோவின் மேலோ விரல் அளவில் ஒரு உலோக உருளை, ஒற்றை ஒயரோடு இருந்தால் அது ரேடியோவுக்காக வைத்த இரைச்சல் தடுப்புக் கண்டென்சர். காயிலில் அது சாவியிலிருந்து சப்ளை வரும் முனையில் இருக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் போகும் முனைக்கு மாற்றினால் ஸ்பார்க் பலவீனமாகும். டிஸ்ட்ரிபியூட்டரோடு சேர்ந்திருக்கும் கண்டென்சர் வேறு. பார்க்க ஒன்று போலத் தோன்றினாலும் அது என்ஜினைச் சேர்ந்தது, அதில் கை வைத்தால் வண்டி சரியாக ஓடாது.

வெளியே வந்த செட்டை என்ன செய்வது

'பாடி எத்தனையோ வருஷம் ஆச்சுங்க, எடைக்குப் போட்டுடலாங்களா?' என்று பல உரிமையாளர்கள் கேட்கிறார்கள். போடாதீர்கள். பாடாத செட்டுக்கும் அந்த வண்டியில் இடம் உண்டு. அதன் முகப்பும் குமிழும்தான் அந்த டேஷ்போர்டின் முகம். 1980-களின் நடுப்பகுதி வரை ரேடியோ வைத்திருக்கத் தபால் அலுவலகத்தில் லைசென்ஸ் கட்ட வேண்டியிருந்தது. அந்த லைசென்ஸ் புத்தகம் வண்டிப் பேப்பர்களோடு கிடைத்தால் அதையும் செட்டோடு சேர்த்து வையுங்கள். வண்டியின் வரலாற்றில் அது ஒரு நல்ல சான்று.

பல வருடம் தூங்கிய செட்டுக்கு எடுத்தவுடனே நேராகப் பேட்டரி கொடுக்கக் கூடாது. உள்ளே இருக்கும் பில்டர் கண்டென்சர்கள் காய்ந்திருக்கும். டிரான்சிஸ்டர் செட்டு என்றால் எளிய வழி ஒன்று உண்டு. 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை சப்ளை ஒயரில் தொடராக, அதாவது மின்சாரம் பல்பு வழியாகவே செட்டுக்குப் போகும்படி மாட்டுங்கள். ஸ்பீக்கரையும் மறக்காமல் மாட்டுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் ஓடவிட்டால் சில செட்டுகளில் கடைசி டிரான்சிஸ்டர் போய்விடும். எர்த் எந்த முனை என்று எழுதி வைத்தீர்களே, அந்தத் தாளைப் பார்த்து இணையுங்கள். செட்டின் உறையில் பாசிட்டிவ், நெகட்டிவ் மாற்ற ஒரு பிளக்கோ சுவிட்சோ இருந்தால் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் பாருங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் உள்ளே ஷார்ட், உடனே நிறுத்துங்கள். மங்கலாக எரிந்தாலோ எரியாவிட்டாலோ பயமில்லை, தொடர்ந்து பார்க்கலாம்.

வால்வு செட்டை நீங்களே திறக்க வேண்டாம். 12 வோல்ட்டில் ஓடுவதாகத் தோன்றினாலும் உள்ளே வைப்ரேட்டரும் டிரான்ஸ்பார்மரும் அதை 200 வோல்ட் அளவுக்கு உயர்த்துகின்றன. அணைத்த பிறகும் கண்டென்சரில் கொஞ்ச நேரம் அது தங்கியிருக்கும். வால்வு செட்டு பார்த்துப் பழகிய பெரியவர் யாராவது கிடைத்தால் அவரிடம் கொடுங்கள்.

சோதனைக்கு இரவு நேரம் நல்லது, எட்டு மணிக்கு மேல் தொலைதூர மீடியம் வேவ் நிலையங்களும் கிடைக்கும். சேலத்தில் வழக்கமாகத் தேடுவது திருச்சியின் 936 கிலோஹெர்ட்ஸும் கோவையின் 999-ம். டயலில் 55, 70, 100, 160 என்று மட்டும் போட்டிருந்தால் கடைசியில் ஒரு பூஜ்யம் சேர்த்துப் படியுங்கள். 936 என்பது 93-க்கும் 94-க்கும் நடுவில். மீட்டர் கணக்கில் போட்ட டயலில் திருச்சி 320 பக்கமும் கோவை 300 பக்கமும் வரும்.

காலியான இடமும், மறுபடி மாட்டுவதும்

செட்டு ரிப்பேருக்குப் போயிருக்கும் காலத்தில் டேஷ்போர்டுத் துளைகளை மூட, டயல் சன்னலின் அளவுக்கு ஒரு மெல்லிய அலுமினியத் தகடு வெட்டி, பழைய தண்டுத் துளைகளிலேயே போல்ட் போட்டு மாட்டுங்கள். புதிதாக எந்தத் துளையும் போட வேண்டாம். கழற்றிய நட்டு, வாஷர், குமிழ், பட்டை, காயில் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டு வண்டி எண்ணை எழுதி வையுங்கள். ரிப்பேர்க் கடைக்குச் செட்டை மட்டும் கொடுங்கள், டப்பா உங்களிடமே இருக்கட்டும்.

திரும்ப மாட்டும்போது வரிசை அப்படியே தலைகீழ்: பட்டை, ஒயர்கள், முகப்பு, நட்டு, குமிழ். பட்டை பாடியில் உட்காரும் இடத்தைப் பளபளவென்று சுரண்டி எர்த் சரியாகக் கிடைக்கச் செய்யுங்கள். எல்லாம் முடிந்து ஏரியலை முழுக்க நீட்டிய பிறகு ஒரு வேலை பாக்கி. ஏரியல் பிளக் போகும் துளைக்குப் பக்கத்திலோ டியூனிங் குமிழின் பின்னாலோ ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். 1400 கிலோஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பலவீனமான நிலையத்தைப் பிடித்து, சத்தம் உச்சமாகக் கேட்கும்வரை அந்த ஸ்க்ரூவை மெதுவாகத் திருப்புங்கள். உங்கள் வண்டியின் ஏரியலுக்குச் செட்டைப் பொருத்துவது இதுதான். ஏரியல் மாறினால் மறுபடி செய்ய வேண்டும்.

செல்போன் பாட்டும் வேண்டும் என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் டேஷ்போர்டைத் தொடாமலே செய்யலாம். ப்ளூடூத் உள்ள சின்ன ஆம்ப்ளிபையரை முன் சீட்டுக்கு அடியில் வைத்து, அதற்கென்று பார்சல் ஷெல்பில் தனி ஸ்பீக்கர்கள் போடுங்கள்; பழைய ஸ்பீக்கரை அதோடு இணைக்காதீர்கள். வண்டி பாசிட்டிவ் எர்த் என்றால் இன்றைய ஆம்ப்ளிபையரின் உறை பாடியில் படவே கூடாது, அதை முதலில் ஒரு எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள். சப்ளையைப் பேட்டரியிலிருந்து தனி ஒயரில் எடுத்து, பேட்டரியை ஒட்டியே, ஆம்ப்ளிபையரில் போட்டிருக்கும் அளவுக்குப் பியூஸ் வையுங்கள்.